சாவியில் தடவிய கரி

பங்குனி மாதத்தில் ஒரு காலை. கடையில் அடுப்புக்குப் பக்கத்தில் கண் விழித்தபோது என் வலது கையில் இரும்புப் பெட்டியின் சாவி இருந்தது.

கண் விழித்தபோது என்று எழுதிவிட்டேன். ஆனால் நான் தூங்கவில்லை. வேலை நேரத்தில் தூங்குகிற ஆள் நான் இல்லை. எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, சேவு மாவை உருட்டிக் கையில் எடுத்தேன், அது வரைக்கும் நினைவு இருக்கிறது. அதற்கு அடுத்த நினைவு, சுவரில் சாய்ந்து கிடக்கிறேன். அடுப்பில் இருந்த விறகை யாரோ வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். என் மருமகள் அட்டையால் விசிறிக்கொண்டு நிற்கிறாள்.

"என்னட்டி ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல அத்தை. லேசா கண்ணசந்துட்டிய. வெக்கைல்லா."

"சாவி ஏன் எங்கையில இருக்கு?"

"நீங்கதான் எடுத்திருப்பிய."

அந்தச் சாவி கல்லாவுக்கு மேலே கோமதி அம்மன் படத்துக்குக் கீழ் ஆணியில் தொங்கும். என் மாமனார் காலத்து இரும்புச் சாவி, கனம் அதிகம். எழுந்து போய்த்தான் அதை எடுக்க வேண்டும். நான் எழுந்து போகவில்லை. அப்படியானால் யாரோ எடுத்திருக்கிறார்கள், பெட்டியைத் திறந்திருக்கிறார்கள், நான் விழிக்கிறேன் என்று தெரிந்ததும் என் கையில் திணித்துவிட்டார்கள். வேறு எப்படி நினைப்பது? பெட்டியில்தான் கடைப் பத்திரம் இருக்கிறது, என் நகை இருக்கிறது. மருமகள் விசிறுகிற வேகத்தைப் பார்த்தேன். தேவைக்கு மேல் வேகமாக விசிறினாள்.

சங்கரன்கோவிலில் எங்கள் கடை காராச்சேவையும் கருப்பட்டி மிட்டாயையும் தெரியாதவர்கள் குறைவு. இது பெருமைக்காகச் சொல்வது இல்லை. பெருமையாகவும் இருக்கிறது, அதை மறைப்பானேன். ஊருக்கு வருகிறவர்கள் சாமி கும்பிட்டுவிட்டு நேரே எங்கள் கடைக்கு வந்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இதை எழுதவே எழுத்துக்கு எழுத்து நின்று நின்றுதான் வருகிறேன். ஆனால் எண்ணெயின் சத்தத்தைக் கேட்டே சேவு வெந்ததைச் சொல்லுவேன். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் என்னைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்தது கிடையாது. மகன் வெளி வியாபாரம் பார்ப்பான், மருமகள் மாவு சலிப்பாள், பொட்டலம் போடுவாள். சட்டி என்னுடையது.

போன ஐப்பசி மழையில் எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. தலை பிளந்தது, ஆட்களை அடையாளம் தெரியவில்லையாம். நெற்றியில் கோயில் புற்றுமண் பூசிப் படுத்தேன், குறையவில்லை. திருநெல்வேலிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வைரஸ் காய்ச்சல், மூளைக்குப் போய்விட்டது என்று டாக்டர் சொன்னாராம். நான் பிழைத்து வந்தேன். தையில் பழையபடி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். விட்டது காய்ச்சல், அவ்வளவுதான் என்று இருந்தேன்.

சித்திரையிலும் வைகாசியிலும் சாவி மறுபடி மறுபடி என் கைக்கு வந்தது. ஒரு தடவை சாவிக்குப் பதிலாகத் தராசின் இரும்புப் படிக்கல் இருந்தது. ஒரு தடவை நாக்கின் ஓரம் புண்ணாகிப் போயிருந்தது. மருமகள் வெற்றிலையில் சுண்ணாம்பைக் கூடுதலாகத் தடவிவிட்டாள் என்று நினைத்து, அன்றிலிருந்து நானே சுண்ணாம்பு தடவிக்கொண்டேன். ஒரு தடவை சேலை நனைந்திருந்தது. "தண்ணி கொட்டிட்டு அத்தை" என்றாள். யார் கொட்டினார்கள் என்று கேட்டதற்கு, மாவு சலிக்கப் போய்விட்டாள்.

இன்னொன்றும் கவனித்தேன். முன்பெல்லாம் மருமகள் முன்வாசல் பக்கம்தான் நிற்பாள். இப்போது எந்நேரமும் என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றாள். நான் சேவுக் கரண்டியில் மாவைத் தேய்க்கும்போது அவள் மூச்சு என் கழுத்தில் படும்.

"என்னட்டி, தொழில் படிக்கியா?" என்று கேட்டேன்.

"ஆமா அத்தை, பாத்துக்கிடுதேன்" என்றாள். சிரிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் அவளுடைய இடது முழங்கையில் ஒரு சூட்டுத் தழும்பைப் பார்த்தேன். சட்டி விளிம்பு பட்ட தழும்பு வளைவாக இருக்கும், அது எனக்குத் தெரியாததா? ஆக, நான் இல்லாத நேரத்தில் சட்டியில் கை வைத்துப் பழகுகிறாள். தெரியாத கை, சுட்டுக்கொண்டது. மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

அந்த வாரமே மகன் வந்து, "எம்மா, நீ இனிமே கல்லாவுல உக்காரு. எம்புட்டு நாள்தான் அனல்ல கெடப்ப?" என்றான்.

"ஏலே, அனல் எனக்குச் சுடல. ஒனக்கு ஏன் சுடுது?"

"நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

"நல்லதுக்குச் சொல்லுதவன் கண்ணப் பாத்துச் சொல்லணும்."

அவன் பார்க்கவில்லை. எழுந்து உள்ளே போனான். அங்கே மருமகளும் அவனும் குசுகுசுவென்று பேசுவது கேட்டது. நான் போனதும் நின்றது. சட்டியைப் பிடுங்கப் பார்க்கிறார்கள், பிறகு சாவி, பிறகு கடை. வரிசையாக எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு என் தங்கை மகள் வந்தாள். வெளியூரில் பெரிய ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. என்ன வேலை என்று கேட்டால் எலி வளர்க்கிறேன் என்பாள். எங்கள் வீட்டில் அவளுக்கு எலிக்காரி என்றே பெயர். "நம்ம ஊர்ல இல்லாத எலியா, இதுக்கு இம்புட்டுப் படிப்பா" என்று என் மகன் கேலி செய்வான். அவளும் சிரிப்பாள்.

வந்த அன்று கடையில் உட்கார்ந்து சேவு தின்றுகொண்டே பேசினாள். அந்த எலிகளுக்கு மூளையில் காய்ச்சல் வருகிற வைரஸைக் கொடுப்பார்களாம். எனக்குக் கை நின்றுவிட்டது.

"வேணும்னேவா?"

"வேணும்னேதான் பெரியம்மா. சில நாள்ல கொஞ்ச எலிக்கு வலிப்பு வரும். பொறவு வைரஸ் ஒடம்ப விட்டுப் போயிரும். எலி நல்லாத் திங்கும், ஓடும். கொஞ்ச நாள் கழிச்சு சிலதுக்குத் தானாவே மறுபடி வலிப்பு வரும்."

"காய்ச்சல்தான் போயிட்டே, பொறவு எதுக்கு வருது?"

"அதத்தான் தேடுதோம். கிருமியத் தொரத்த ஒடம்பு போடுத சண்டையில மூளைக்கே காயம் பட்டுருது."

"வீட்டுக்குள்ள வந்த பாம்ப அடிக்கேன்னு சட்டி பானையப் பூரா ஒடச்சுப் போட்ட மாதிரி."

"அதேதான் பெரியம்மா" என்று அவள் வியந்து சொன்னாள். நான் வியக்கவில்லை. இதைக் கண்டுபிடிக்கவா இவளுக்குச் சம்பளம் என்றுதான் தோன்றியது.

"எலிக்கு வலிப்புன்னு எப்படித் தெரியும்? அது வந்து சொல்லுமா?"

"சொல்லாது. அதுக்கே தெரியாது. கேமராவ வச்சுப் பாத்துக்கிட்டே இருப்போம். மொதல்ல அப்படியே நிக்கும், சும்மா வாய மெல்லும். அது ஒண்ணு. தலைய ஆட்டுனா ரெண்டு. முன்னங்காலு நடுங்குனா மூணு. பின்னங்காலுல எந்திரிச்சு நின்னா நாலு. நின்னு விழுந்துட்டா அஞ்சு. மார்க்குப் போடுவோம்."

"எலிக்கு மார்க்கு" என்று பூக்கடைக்காரி சிரித்தாள். அவள் பக்கத்துக் கடை, என்னை மதினி என்று கூப்பிடுகிறவள். "எங்க வீட்டுப் பயலுக்கு எவனும் அஞ்சு போட மாட்டேங்கான்."

நான் சிரிக்கவில்லை. இவள் அந்தக் கிருமியைக் கையில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் என்ன செய்வது?

"அந்தக் கையோடயா சேவு எடுக்க?"

"இது எலிக்கு மட்டும் வருத கிருமி பெரியம்மா. மனுசனுக்கு வராது. அதோட நாங்க கையுறை போட்டுத்தான் தொடுவோம்."

"எலிக்கு வருதது மனுசனுக்கு வராதுன்னு எலியா ஒங்கிட்டச் சொல்லிச்சு? எந்திரிச்சுப் போய்க் கையக் கழுவு."

கழுவிவிட்டு வந்தாள். மறுபடி கழுவச் சொன்னேன். அவள் இருந்த நாள் முழுக்க மாவுப் பக்கம் விடவில்லை. பாத்திரக்கடையிலிருந்து அவளுக்கென்று தனி டம்ளர் வாங்கி வைத்தேன். அதற்கும் அவள் கோபப்படவில்லை. கோபப்படாதவர்கள் மேல் எனக்கு எப்போதும் கொஞ்சம் சந்தேகம் உண்டு. போதாததற்கு அவள் என்னையே பார்த்தாள். எதிரே முக்காலியைப் போட்டுக்கொண்டு, கையில் போன் இருந்தாலும் கண் என் முகத்தில். "பெரியம்மா, காய்ச்சலுக்குப் பொறவு தலை வலிக்கா? எப்பமாச்சும் நேரம் போனதே தெரியாம இருக்கா?" என்று கேட்டாள். மருமகள் சொல்லிக் கேட்கிறாள் என்று நினைத்து, "நல்லா இருக்கேன், ஒன் எலியப் பாரு" என்று சொல்லிவிட்டேன்.

தபசுக் கூட்டம் முடிந்த மறுநாள் காலையில் நான் ஒரு காரியம் செய்தேன். சட்டியின் அடியில் இருக்கிற கரியைச் சுரண்டி, எண்ணெய் விட்டுக் குழைத்து, என் கையில் படாமல் குச்சியில் சுற்றிய துணியால் இரும்புச் சாவியில் தடவி ஆணியில் மாட்டினேன். சாவியும் கறுப்பு, கரியும் கறுப்பு. பார்த்தால் தெரியாது. தொட்டவன் கை காட்டிக்கொடுக்கும். எண்ணெய்க் கரி லேசில் போகாது, சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் ரேகைக்குள் நிற்கும். ஒருவரிடமும் சொல்லவில்லை.

அன்றைக்கு மத்தியானம், மிட்டாய் மாவைத் துணியில் கட்டி எண்ணெய்ச் சட்டியில் பிழிந்துகொண்டிருந்தேன். மறுபடி நடந்தது. விழித்தபோது தரையில் ஒருக்களித்துக் கிடந்தேன். என் தலைக்குக் கீழே எதையோ மடித்து வைத்திருந்தார்கள். என் உள்ளங்கை முழுக்கக் கரி.

நான் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே கைகளைப் பார்த்தேன். மருமகள் கையில் கரி. சரி, அது நான் எதிர்பார்த்தது. மகன் கையிலும் கரி. அவனும் உடந்தை, அதுவும் எதிர்பார்த்ததுதான். பூக்கடைக்காரி குனிந்து என்னைப் பார்த்தாள். அவள் விரலிலும் கரி, கன்னத்தில் கூட ஒரு கோடு. எனக்குக் குழப்பம் வந்தது அப்போதுதான். என் பெட்டியில் இவளுக்கு என்ன பங்கு?

என் தலையைப் பிடித்திருந்தவள் தங்கை மகள். அவள் கையில் மாவு இருந்தது, என் வாயில் வழிந்த எச்சில் இருந்தது. கரி இல்லை.

எழுந்து உட்கார்ந்தேன். "எல்லாரும் கையக் காட்டுங்க" என்றேன்.

ஒருவரும் காட்டவில்லை. மகன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான், சின்ன வயதில் செய்வது போல.

"மூணு பேரும் எஞ்சாவியத் தொட்டிருக்கிய. கரி சொல்லுது. பெட்டியில என்ன எடுத்திய?"

பூக்கடைக்காரிதான் வாய் திறந்தாள். "பெட்டிய யாரு மதினி தொட்டா? கையில இரும்பக் குடுக்கத்தான் எடுத்தோம். இவ கையில இருந்து நழுவிட்டு, நான் எடுத்துக் குடுத்தேன். அதும் நழுவி..."

"சும்மா இருங்கக்கா" என்று மருமகள் அவளைத் தடுத்தாள். அதற்குள் எனக்கு விளங்கிவிட்டது.

கையில் இரும்பை எப்போது கொடுப்பார்கள் என்று எங்கள் பக்கத்தில் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. முன்பொரு நாள் ரத வீதியில் ஒரு ஆள் வலிப்பு வந்து விழுந்து வெட்டி வெட்டி இழுத்தபோது, ஓடிப்போய் இதே சாவியை அவன் கையில் திணித்தவளே நான்தான். அவன் எழுந்து உட்கார்ந்து கையில் இருந்த சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது கூட ஞாபகம் இருக்கிறது. மாதக்கணக்கில் என் கையில் அது இருந்தும் அந்த நினைப்பு எனக்கு வரவில்லை. அது அடுத்தவர்களுக்கு வருகிற நோய் என்றே இருந்திருக்கிறேன்.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் கரி இல்லாத கையைத் தேடினேன். "நீ ஏண்டி சாவியத் தொடல?" என்று தங்கை மகளைக் கேட்டேன்.

"இரும்பால ஒண்ணும் ஆகாது பெரியம்மா. அது தானாத்தான் நிக்கும். தலையில அடிபடாம, எச்சில் உள்ள போகாம சாய்ச்சுப் பிடிச்சா போதும்."

"எம்புட்டு?"

"என்னது?"

"எனக்கு எம்புட்டு மார்க்கு?"

அவள் முகம் மாறிவிட்டது. "அது எலிக்குப் போடுதது."

"எலிக்குப் போடுவ, பெரியம்மாளுக்குப் போட மாட்டியா? சொல்லு."

என் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு, "மனுசங்களுக்கு அந்தக் கணக்கு கெடையாது. இருந்தா அஞ்சு" என்றாள்.

அதற்காக உடனே நம்பிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஒருவர் சொல்வதை நான் நம்பினால் கடை இத்தனை நாள் நின்றிருக்காது. எல்லோரும் சேர்ந்து பேசிவைத்துச் சொல்லலாம். படித்தவளையும் சேர்த்துக்கொண்டிருக்கலாம். "எலிக்குக் கேமரா வச்சேல்லா, எனக்கும் வையி. நான் பாக்கணும்" என்றேன்.

"எப்படியும் டாக்டருக்குக் காட்ட வேணும் பெரியம்மா. ஆனா ஒண்ணு, அடுப்பு எரியக் கூடாது. நீங்க சும்மா மாவு சலிங்க. அதுக்குச் சம்மதம்னா வைக்கேன்."

சம்மதித்தேன். தபசு விற்பனை முடிந்து கடை ஓய்ந்திருந்த நாட்கள். அணைந்த அடுப்புக்கு முன்னால் வெறும் சட்டியை வைத்துக்கொண்டு மாவு சலித்தேன். மாவு டின்னில் சாய்ந்தபடி அவள் போன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் நாள் ஒன்றும் இல்லை. "பாத்தியா" என்று எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தேன். அடுத்த நாளும் ஒன்றும் இல்லை. மகனிடம் விறகு இறக்கச் சொன்னேன். அவன் இறக்கவில்லை. அதற்கு மறுநாள், மாவு என் மடியெல்லாம் கொட்டிக் கிடக்க, தரையில் விழித்தேன்.

படத்தைப் பார்க்க வேண்டாம் என்றான் மகன். பார்த்தேன்.

அந்தப் பொம்பிளை சலித்துக்கொண்டே இருக்கிறாள். கை நிற்கிறது. வாயில் ஒன்றும் இல்லாமல் மெல்லுகிறாள். கண் திறந்திருக்கிறது, அந்தக் கண்ணுக்குள் நான் இல்லை. பிறகு வலது கை தானாக மேலே எழும்புகிறது. சேவு தேய்க்கிற கை.

ஆனால் நான் பார்த்தது அதை மட்டும் இல்லை. அந்தக் கை எழும்புவதற்கு முன்னாலேயே, வாய் மெல்ல ஆரம்பித்த உடனேயே, பின்னால் இருந்து இன்னொரு கை வருகிறது. என் மார்பைச் சுற்றி, எனக்கும் சட்டிக்கும் நடுவில் குறுக்கே வருகிறது. சட்டி குளிர்ந்துதான் கிடக்கிறது, எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் அந்தக் கை பழக்கத்தில் சட்டியைத்தான் மறைக்கிறது. முழங்கையில் அந்தத் தழும்பு.

"இன்னொரு தடவ போடு" என்றேன். போட்டாள்.

மருமகள் உள்ளே எதையோ எடுத்து வைப்பது போலச் சத்தம் காட்டிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். வந்து நின்றாள்.

"மொதல்லயே ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பிருப்பியளா அத்தை? சட்டியப் பிடுங்கதுக்குச் சொல்லுதேன்னு சொல்லிருப்பிய."

சொல்லியிருப்பேன். அவள் முழங்கையைப் பிடித்துப் பார்த்தேன். ஆறிவிட்ட புண்தான். ஆனாலும் தேங்காய் எண்ணெய் எடுத்து வரச் சொல்லித் தடவிவிட்டேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

திருநெல்வேலி டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, ஸ்கேனும் எடுத்து, காய்ச்சல் விட்டுப்போன தழும்பு மூளையில் இருக்கிறது, மாத்திரையை ஒரு வேளை கூட விடக் கூடாது என்றார். நெருப்புப் பக்கமும் கொதிக்கிற எண்ணெய்ப் பக்கமும் போகக் கூடாது என்றார். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். வலிப்பு வராமல் இருக்கிற காலத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். இந்த மாத்திரையையும் எலிக்குக் கொடுத்துப் பார்த்திருப்பார்களா என்று தங்கை மகளிடம் கேட்டேன். இது மாதிரி மாத்திரைகள் எல்லாம் அப்படி வந்தவைதான் என்றாள். அந்த எலிகள் என்ன ஆயின என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டாள். ஊருக்குப் போகும்போது அவளுக்கு மிட்டாய் கட்டிக் கொடுத்தேன். கை கழுவினாயா என்று கேட்கவில்லை.

இப்போது மருமகள் சட்டிக்கு முன்னால் உட்காருகிறாள். நான் கல்லாப் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். உப்பு ஒரு கல் குறைவாகப் போடுகிறாள் என்று எனக்குப் படுகிறது. வாங்குகிறவர்கள் ஒரு வித்தியாசமும் இல்லை என்கிறார்கள். அவர்களிடம் அவள் சொல்லி வைத்திருக்கலாம்.

மாத்திரையைத் தருவது அவள்தான். அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டே விழுங்குகிறேன். "ஒண்ணும் வரல அத்தை, நல்லா இருக்கிய" என்று அவ்வப்போது சொல்கிறாள். எனக்குப் பயம் வரக் கூடாது என்று சொல்கிறாளோ என்னவோ. இரும்பு கொடுக்கக் கூடாது என்று தங்கை மகள் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். ஆனால் எனக்கு ஏதாவது என்றால் இவர்கள் கை முதலில் அந்த ஆணிக்குத்தான் போகும், அது எனக்குத் தெரியும். அதனால் தினமும் கடை திறந்ததும் சட்டிக் கரியை எண்ணெயில் குழைத்து, அதே போலக் கையில் படாமல் சாவியில் தடவி மாட்டிவிடுகிறேன். கடை அடைக்கிற நேரத்தில் எல்லோர் கையையும் ஒரு பார்வை பார்க்கிறேன். கடைசியாக என் கையை விரித்துப் பார்க்கிறேன்.

தபசு முடிந்து தீபாவளியும் வந்துவிட்டது. இன்று வரைக்கும் கரி இல்லை.